குறைமாதக் குழந்தையின் கண் பரிசோதனைத் தேதி யாருடைய பொறுப்பு?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் தமிழ்நாடு இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற அரசு செவிலியர். வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில்தான் போனது. இந்த மடலில் நான் கேட்கப்போவது ஒரே ஒரு காரியம். கோப்புகளுக்கு நடுவே முழுசாகப் படிக்க நேரம் கிடைக்குமோ என்னவோ, அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 34 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தையோ, 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையோ, அதன் விழித்திரையை எந்தத் தேதியில், எந்த இடத்தில் பார்க்கப் போகிறார்கள் என்பது முடிவாகாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. அந்தத் தேதியில் குழந்தை வரவில்லை என்றால் தேடிப் போக வேண்டியவர் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் தாயின் பெயரை எழுதக் கூடாது.

இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டிய 30 குறைபாடுகளில், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் ஆர்.ஓ.பி. என்ற விழித்திரை நோயும் ஒன்று. 2017இல் இதற்கென்று வழிகாட்டுதலும் வந்துவிட்டது. யாரைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. என் குறை வழிகாட்டுதலைப் பற்றியது இல்லை. வார்டு வாசலில் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

உங்கள் துறைக்கு நன்றாகவே தெரிந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 1996 ஆகஸ்ட் மாதக் கடைசியில் எழும்பூர் அரசு தாய் சேய் மருத்துவமனையில் 29ஆவது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். மூன்று வாரத்துக்கு மேல் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரியவந்தபோது விழித்திரை பிரிந்து, கைமீறிப் போயிருந்தது. அப்பா விடவில்லை. நுகர்வோர் ஆணையம் 2009இல் கொடுத்த 5 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 ஜூலை 1 அன்று சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தது. அதில் பெரும்பகுதியைக் கட்ட வேண்டியது தமிழ்நாடு அரசுத் தரப்பு. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 19 வயது ஆகப்போகிறது.

இதில் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது பணம் இல்லை. 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று, அதே எழும்பூரில்தான் இருக்கிறது. குழந்தை பிறந்த இடத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். ஆக, அந்தக் குழந்தையின் கண்ணை எடுத்துக்கொண்டது தூரமோ வசதிக் குறைவோ இல்லை. இங்கிருந்து அங்கே அனுப்ப வேண்டியது யார் என்று தீர்மானம் ஆகாமல் இருந்ததுதான்.

தீர்ப்புக்குப் பிறகு மாறியது என்ன? நான் பார்த்தவரை, முதலில் மாறியது காகிதம். டிஸ்சார்ஜ் சீட்டில் "ஆர்.ஓ.பி. ஸ்கிரீனிங் அட்வைஸ்டு" என்று ஒரு வரி சேர்ந்தது. சில இடத்தில் அதற்கு ரப்பர் ஸ்டாம்ப்பே செய்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே தாயின் கையெழுத்து. நாளைக்கு வழக்கு வந்தால் நாங்கள் சொன்னோம் என்று காட்டலாம். மருத்துவமனையைக் காப்பாற்ற அந்த ஸ்டாம்ப் போதும். குழந்தைக்கு அதனால் என்ன கிடைத்தது? எந்த நாள், எந்த ஊர், எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்று எதுவும் அதில் இருக்காது. மருந்துச் சீட்டில் சொட்டு மருந்துக்குக்கூட "காலை ஒன்று, இரவு ஒன்று" என்று கட்டம் போட்டு எழுதித் தருகிறோம். ஆயுசு முழுக்கப் பார்வை போகக்கூடிய விஷயத்துக்கு ஒரு தேதி எழுதுவதில்லை.

நோயைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். ஆனால் இது திறந்த மடல், பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

வயிற்றுக்குள் இருக்கும்போது விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஏறக்குறைய 16ஆவது வாரத்தில் கண்ணின் பின்பக்க நடுவிலிருந்து முளைக்க ஆரம்பிக்கும். மெல்ல மெல்ல ஓரத்தை நோக்கிப் பரவி, மூக்குப் பக்க ஓரத்தை 36 வாரத்திலும் காதுப் பக்க ஓரத்தை 40 வாரத்திலும் போய்ச் சேரும். 30 வாரத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது. வெளியே வந்ததும் கிடைக்கிற ஆக்சிஜன், வயிற்றுக்குள் கிடைத்ததைவிட மிக அதிகம். குழாய்கள் வளர்வதை நிறுத்திவிடுகின்றன. சில வாரம் கழித்து, ரத்தம் எட்டாத ஓரப் பகுதி பசியில் தவிக்க ஆரம்பிக்கும். "இங்கே குழாய் வேண்டும்" என்று வேதிப்பொருளைச் சுரக்கும். அப்போது அவசரத்தில் முளைக்கிற குழாய்கள் ஒழுங்கில்லாதவை, ரத்தம் கசிபவை. அவை தழும்பாகிச் சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகின்றன. ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். ஐந்தாவது நிலையில் விழித்திரை மொத்தமும் பிரிந்துவிட்டிருக்கும். அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்தாலும் பயன் மிகக் குறைவு.

எல்லாக் குறைமாதக் குழந்தைக்கும் இது வருவதில்லை. வந்த குழந்தைகளிலும் பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். முற்றுகிறவர்களுக்கு மட்டும்தான் சிகிச்சை. ஆனால் யாருக்கு அடங்கும், யாருக்கு முற்றும் என்பது பார்த்தால்தான் தெரியும். முற்றுகிறது என்று தெரிந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்ய வேண்டும், இல்லையென்றால் கண்ணுக்குள் ஊசி போட வேண்டும். காலத்தில் செய்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்வை தப்பிக்கிறது. இப்படி, தேதி தெரிந்து காத்திருந்து பிடிக்கக்கூடிய குருட்டுத்தன்மை எத்தனை இருக்கிறது சொல்லுங்கள். பிறந்து 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்பு பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இன்னும் முன்னால், இரண்டு மூன்று வாரத்திலேயே.

வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பதுதான் இதிலுள்ள பெரிய வம்பு. கண் சிவக்காது, பீளை தள்ளாது. குழந்தை பால் குடிக்கும், தூங்கும், எடை ஏறும். "கண்ணு நல்லாத்தானே இருக்கு சிஸ்டர்" என்று பாட்டி சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. முகம் பார்த்துச் சிரிக்க வேண்டிய மாதத்தில் சிரிக்கவில்லையே என்றோ, கருவிழிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்றோ தூக்கிக்கொண்டு வரும்போது மாதங்கள் ஓடிவிட்டிருக்கும்.

யார் தவறிப்போகிறார்கள் என்பதில் ஒரு விசித்திரம் உண்டு. 27 வாரம், 900 கிராம் என்று பிறக்கிற குழந்தை தவறுவது குறைவு. அது எப்படியும் ஒன்றரை இரண்டு மாதம் எங்களோடுதான் இருக்கும். கண் டாக்டர் வார்டுக்கே வந்து பார்த்துவிடுவார். பயப்பட வேண்டியது கொஞ்சம் தேறிப் பிறந்த குழந்தையைத்தான். 32 வாரம், 1,600 கிராம். இரண்டு நாள் மூச்சுத் திணறல், மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி, அப்புறம் வார்மர் என்கிற கதகதப்பான படுக்கை, அப்புறம் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. பதினைந்து நாளில் பால் நன்றாக உறிஞ்ச ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். எல்லோருக்கும் சந்தோஷம். கண்ணைப் பார்க்க வேண்டிய நாள் வருவதற்குள் அந்தக் குழந்தை எங்கள் கையை விட்டுப் போயிருக்கும். அமெரிக்காவில் 1,500 கிராமுக்கு மேலே பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்தப் பரிசோதனையே கிடையாது. நம் நாட்டில் 2 கிலோ என்று வரம்பை உயர்த்தி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே அந்த எடைக் குழந்தைகளுக்கும் நோய் முற்றி வருவதை நம் டாக்டர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

சரி, வீட்டுக்குப் போகிறது என்கிறோமே, எந்த வீட்டுக்கு?

நம் ஊர் வழக்கம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு. பெண் கட்டிக்கொடுத்தது ஒரு மாவட்டம், தாய் வீடு இன்னொரு மாவட்டம். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் என்கிற அரசுப் பதிவு எண் வாங்கியது மாமியார் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். குறைமாதத்தில் வலி கண்டு ஓடிவந்தது தாய் வீட்டுப் பக்கத்து மருத்துவமனைக்கு. அங்கிருந்து 108இல் ஏற்றி அனுப்பிய இடம் மூன்றாவது ஊர். கேஸ் ஷீட்டில் இருக்கிற போன் நம்பர் கணவருடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிஃப்ட்டில் இருப்பார், இல்லையென்றால் கல்ஃபில் இருப்பார். 25ஆவது நாள் நாங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டார். எடுத்தாலும் "அவங்க அம்மா வீட்ல இருக்காங்க சிஸ்டர், சொல்றேன்" என்பார். மாமியார் ஊர் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் போகும். அவர் போய்ப் பார்த்தால் வீட்டில் தாயும் இல்லை, சேயும் இல்லை. தாய் வீட்டு ஊர் செவிலியருக்கோ அப்படி ஒரு குழந்தை தன் எல்லைக்குள் வந்திருப்பதே தெரியாது. அவருடைய பதிவேட்டில் அந்தக் கர்ப்பமே இல்லையே.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், டிஸ்சார்ஜ் அன்று எழுத வேண்டியது ரேஷன் கார்டு முகவரி இல்லை. "இன்னும் ஒரு மாசத்துக்குக் குழந்தை எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டு, அந்த ஊரை எழுத வேண்டும். அந்த ஊர் செவிலியர் யார் என்று பார்த்து, தாய் வார்டில் இருக்கும்போதே அவருக்குப் போன் செய்து இரண்டு பேரையும் பேச வைக்க வேண்டும். பாட்டியின் நம்பரை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் நாங்கள் சிலர் ஒரு நோட்டுப் போட்டு இதைச் செய்துகொண்டிருந்தோம். அது யாருடைய உத்தரவும் இல்லை, அதனால் நிலைக்கவும் இல்லை. டூட்டி மாறினால் நோட்டும் மாறும்.

அடுத்தது தீட்டு, பத்தியம், 30 நாள் கணக்கு. பிள்ளை பெற்ற உடம்பு வெளியே போகக் கூடாது, பச்சைக் குழந்தைக்குக் காற்று சேரக் கூடாது, ஒரு மாதம் கழிந்துதான் வாசல் தாண்ட வேண்டும். வீட்டுக்கு வீடு நாள் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் பொத்திப் பொத்தி வைப்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன், நோய் தொற்றாமல் காக்கிற விவேகமும் அதில் இருக்கிறது. ஆனால் கண்ணைப் பார்க்க வேண்டிய நாள் சரியாக அந்த ஒரு மாதத்துக்குள் விழுகிறது. வீட்டார் மனதில் பதிந்திருக்கும் முதல் ஆஸ்பத்திரித் தேதி 45ஆம் நாள் தடுப்பூசி. "ஊசி போடப் போறப்ப கண்ணையும் காமிச்சுக்கலாம்" என்று பாட்டி முடிவு செய்துவிடுவார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முற்றுகிற கண்ணுக்கு அந்தப் பதினைந்து நாள் தாமதம் போதும். ஆக, இந்த விஷயத்தில் தாயிடம் மட்டும் பேசிப் பயன் இல்லை. வீட்டில் முடிவெடுப்பவர் பாட்டி என்றால் பாட்டியை உட்கார வைத்துப் பேச வேண்டும்.

பரிசோதனையையே ஒருதரம் பார்த்துவிட்ட குடும்பம் மறுபடி வரத் தயங்குவதும் உண்டு. கண்மணியை விரியச் செய்ய நீர்த்த சொட்டு மருந்தை முக்கால் மணி, ஒரு மணி நேரம் விட்டு விட்டுப் போடுவார்கள். அப்புறம் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, இமையை விலக்கிப் பிடிக்கக் கம்பிக் கிளிப் வைப்பார்கள். டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸைப் பிடித்து, ஒரு சின்னக் கருவியால் கண்ணின் ஓரத்தை அழுத்தி அழுத்திப் பார்ப்பார். குழந்தை வீறிட்டு அழும். சில நேரம் மூச்சை நிறுத்தும், நாடி இறங்கும். அதனால்தான் பக்கத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஒரு செவிலியரும் இருக்க வேண்டும் என்கிறோம். உண்மையில் சில நிமிட வேலை. முன்னாலேயே தாய்ப்பால் கொஞ்சம் வாயில் விட்டு, சப்ப எதையாவது கொடுத்தால் வலி குறைகிறது. ஆனால் கதவுக்கு வெளியே அழுகையை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிற தாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? உள்ளே போவதற்கு முன் ஒருவர் சொல்ல வேண்டும்: கிளிப் வைப்பார்கள், அழும், மாலை வரை கண் சிவந்திருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை. நான் பார்த்தவரை, இப்படி முன்னாலேயே சொல்லி வைத்த தாய்மார்கள் அடுத்த முறையும் வந்தார்கள்.

அடுத்த முறை என்றேன் இல்லையா, முதல் முறைக்கு வராதவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடக் கவலை, ஒருமுறை வந்துவிட்டு நின்றுபோகிறவர்கள். முதல் பரிசோதனையில் பெரும்பாலும் வரும் பதில், "நோய் இல்லை, ஆனால் குழாய் இன்னும் முழுசா வளரல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்பது. வீட்டுக்குப் போவதற்குள் அது "ஒண்ணும் இல்லையாம்" என்று சுருங்கிவிடும். யாரையும் ஏமாற்ற இல்லை, நல்ல சேதியை அப்படித்தான் எல்லோரும் கேட்டுக்கொள்கிறோம். குழாய்கள் ஓரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டன, இனி இதற்காக வர வேண்டாம் என்று கண் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடும் வரை கணக்கு முடியவில்லை. ஒரு குழந்தையைப் பரிசோதித்தோம் என்று எண்ணிக்கையில் சேர்க்க வேண்டியது அந்தக் கையெழுத்து விழுந்த பிறகுதான். இன்றைக்கு மாதாந்திர அறிக்கையில் முதல் தடவை பார்த்ததும் ஒரு எண் ஏறிவிடுகிறது. இரண்டாவது தேதிக்கு வராத குழந்தையும் அந்த எண்ணுக்குள் இருக்கும்.

ஆக்சிஜனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1942இல் பாஸ்டனில் டெரி என்ற கண் மருத்துவர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பார்வை போன பிறகுதான் தாராளமாகக் கொடுத்த ஆக்சிஜன் காரணம் என்று உறுதியானது. 1951இலேயே மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற டாக்டர் அம்மா இதைச் சந்தேகித்து எழுதியிருக்கிறார். உடனே எல்லோரும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள், குழந்தைகள் இறந்தன. ஆக, கூட்டினால் கண் போகும், குறைத்தால் உயிர் போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒடுக்கமான பாதைதான் இருக்கிறது. பல்ஸ் ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 90க்கு மேலே இருந்து, 95க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரையில் 99, 100 என்று காட்டினால் பார்க்கிறவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கிற குறைமாதக் குழந்தைக்கு அந்த 100 ஆபத்து. இதைக் கடைப்பிடிக்க ஆக்சிஜனையும் காற்றையும் கலந்து தரும் பிளெண்டர் வேண்டும், அலாரம் மேல்வரம்புக்கும் வைத்திருக்க வேண்டும், இரவு டூட்டியில் அலாரம் அடித்தால் போய்க் குறைக்க ஆள் வேண்டும். ஒரு செவிலியர் எத்தனை வார்மர்களைப் பார்த்துக்கொள்கிறார் என்பது அந்தக் குழந்தைகளின் கண்ணைத் தீர்மானிக்கிற கேள்வி. பிரசவ அறையிலிருந்து வார்டுக்குத் தூக்கி வருகிற நேரம், ஆம்புலன்ஸில் வருகிற நேரம், இங்கெல்லாம் இன்னமும் சிலிண்டரை முழுசாகத் திறந்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதை எழுதினால் தனி மடல் ஆகிவிடும்.

கண் டாக்டர் எங்கே, எத்தனை பேர் என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பார்க்கப் பழகிய மருத்துவர்கள் குறைவு, அவர்களும் பெரிய நகரங்களில்தான். கூடலூரிலிருந்தோ கொல்லிமலையிலிருந்தோ இரண்டு கிலோ குழந்தையைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருதரம் கோயம்புத்தூருக்கோ சேலத்துக்கோ வா என்று ஒரு தாயிடம் சொல்வது எளிது. அதற்கு வழி இல்லாமல் இல்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் 2008இலிருந்து நாராயண நேத்ராலயா மருத்துவமனையினர் வேனில் விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவை ஏற்றிக்கொண்டு மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். படம் எடுப்பது டாக்டர் இல்லை, பயிற்சி பெற்ற டெக்னீஷியன். பெங்களூரில் இருக்கிற நிபுணர் திரையில் பார்த்துச் சொல்கிறார். மாநில அரசும் அதில் சேர்ந்துகொண்டது. நம் மாநிலத்திலும் அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் இந்த வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கேமராக்கள் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும், விலையும் மலை. இப்போது பெங்களூரிலேயே ஒரு நிறுவனம் செய்கிறது. கண்புரைக்கு ஊர் ஊராக முகாம் போட்டு உலகத்துக்கே வழிகாட்டிய மாநிலம் இது. வாரம் ஒரு நாள் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கேமரா போய்ச் சேருவது நம்மால் முடியாத வேலை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

தனியார் பக்கம் வருகிறேன். சின்ன ஊர்களில்கூட இன்றைக்குப் பத்து வார்மர் வைத்து 'என்.ஐ.சி.யு.', அதாவது பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு என்று போர்டு மாட்டிய நர்சிங் ஹோம்கள் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் கண் பரிசோதனைக்கு அவர்களிடம் என்ன ஏற்பாடு என்று கேட்பவர் யாரும் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 1997இலேயே சட்டம் வந்து, 2018இல் விதிகளும் வந்துவிட்டன. பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது தீயணைப்புச் சான்று கேட்கிறோம், மருத்துவக் கழிவு ஒப்பந்தம் கேட்கிறோம். பச்சிளங்குழந்தைப் பிரிவு வைத்திருப்பவரிடம் "ஆர்.ஓ.பி. பார்க்க எந்தக் கண் மருத்துவரோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு இருக்கிறது?" என்று இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேட்கலாமே. பதில் இல்லை என்றால் அந்தப் பிரிவுக்கு அனுமதி இல்லை. இதில் எனக்கு இரக்கம் கிடையாது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பில் போடும் இடத்துக்கு இது ஒரு சுமையே இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியின் தவணையோடு இந்தப் பரிசோதனையைக் கட்டிவிடலாம், வராவிட்டால் பணம் இல்லை என்று சொன்னால் எல்லோரும் வருவார்கள் என்று கூட்டங்களில் யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேதி சொல்லாமல் அனுப்பியது நாம், தண்டனை மட்டும் தாய்க்கா? வர முடியாததற்குப் பெரும்பாலும் காரணம் அலட்சியம் இல்லை. கூட வர ஆள் இல்லை, வந்தால் ஒரு நாள் கூலி போகும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடுகிற 102 வண்டி இருக்கிறது. நோயுள்ள குழந்தைக்கு ஒரு வயது வரை இலவசப் போக்குவரத்து என்பது ஏற்கெனவே உள்ள உரிமை. அந்த வண்டியைக் கண் பரிசோதனை நாளில் வீட்டு வாசலுக்கு அனுப்புங்கள். கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி கொடுங்கள். வண்டி வாசலில் வந்து நின்றால் பாட்டியும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பெற்றோர்களுக்கு இரண்டே வார்த்தை. உங்கள் குழந்தை எட்டு மாதத்துக்கு முன்போ எடை குறைவாகவோ பிறந்திருந்தால், யாரும் சொல்லாவிட்டாலும் நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள்: "ஆர்.ஓ.பி. எப்பப் பார்க்கணும்?" விழித்திரை சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகும் வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் மற்றவர்களைவிட அதிகம் வரும்.

மறுபடி உங்களுக்கு, ஐயா, அம்மா. மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் இதுவரை கேட்கப்படும் கேள்வி, இந்த மாதம் எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தீர்கள் என்பது. எண் வரும், கூட்டம் அடுத்த தலைப்புக்குப் போகும். அடுத்த கூட்டத்தில் அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேளுங்கள். இந்த மாதம் உங்கள் மாவட்டத்தில் அரசு, தனியார் இரண்டிலும் சேர்த்து 2 கிலோவுக்குக் கீழேயோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்து உயிரோடு வீட்டுக்குப் போன குழந்தைகள் எத்தனை? அவர்களில் குறித்த தேதிக்கு வராதவர்கள் யார் யார்? இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள்? தேடிப் போனது யார்? பெயர்ப் பட்டியலாகக் கேளுங்கள். அப்படி ஒரு பட்டியல் இல்லை என்று பதில் வந்தால், கூட்டம் முடிவதற்குள் வார்டுக்குப் போன் போட்டு டிஸ்சார்ஜ் பதிவேட்டை எடுக்கச் சொல்லுங்கள். போன மாதம் வீட்டுக்குப் போன குழந்தைகளில் சிலருக்கு இன்னும் 30 நாள் ஆகியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்